மடிக்கொட்டை

திரும்பி வருகிற பதிவுத் தபாலை அனுப்பியவர் கையில்தான் கொடுக்க வேண்டும். உறையின் பின்பக்கம் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அனுப்பியவர். ஆரணியில் முப்பத்தொரு வருஷம் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்த ராஜவேலுவுக்கு, அதாவது எனக்கு, இந்த விதி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். எத்தனையோ விதிகளைக் காற்றில் பறக்கவிட்டவன்தான் நான். மாமியார் பெயருக்கு வந்த கடிதத்தை மருமகளிடம் கொடுத்திருக்கிறேன். பரீட்சையில் தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டிய கார்டை இரண்டு நாள் பைக்குள் வைத்திருக்கிறேன். விதியை மீறியே ஆகவேண்டிய ஒரு நாளில் மட்டும் யோக்கியனாக இருந்து தொலைத்தேன்.

நான் தபால் கொடுக்கிற சரகம் ஆரணியின் சைதாப்பேட்டை நெசவுத் தெருக்களில் தொடங்கி ஆற்றங்கரையில் முடியும். தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசிப் பழகியதில், வீட்டில் சாதாரணமாகப் பேசினாலும் சண்டை போடுகிறேன் என்பாள் என் மனைவி. சரகத்தின் கடைசி வீடு தென்னரசுவுடையது. அதைத் தாண்டினால் கமண்டல நாகநதி. வருஷத்தில் பத்து மாதம் அதில் மணல்தான் ஓடும்.

தென்னரசு களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். 1988இல் வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினான். இன்ஜினியர் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பாலம் போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. பதினைந்து வருஷம் முடித்து 2003 டிசம்பரில் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினான். அவன் மனைவி எழிலரசி, சிவப்பிரகாசம் வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குழல்களில் ராட்டையை வைத்துப் பட்டு நூல் சுற்றித் தருகிற வேலை. அவன் அப்பா துரைக்கண்ணு களத்தில் நெல் அளக்கிறவர். ஒரே மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

வந்த புதிதில் தென்னரசு நடக்கிற நடையைப் பார்த்துத் தெருவே சிரித்தது. தார் ரோட்டில் எல்லாரையும் போல நடப்பான். மண் தரை வந்தால் நின்றுவிடுவான். முன்னால் யாராவது போனால் அவர்கள் தடத்தின் மேலேயே கால் வைத்துப் போவான். ஆள் இல்லையென்றால் மாட்டுத் தடம். ஒரு நாள் உச்சி வெயிலில் ஆற்று மணலுக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

“இன்னா தென்னரசு, இங்க நின்னுகினு கீற?”

“ஒண்ணியும் இல்லண்ணா. மாடு மேய்க்கற பசங்க ஓடினதுல தடமெல்லாம் கலைஞ்சிடுச்சி. நீங்க முன்னால போங்க.”

சைக்கிள் டயர் போட்ட கோட்டின் மேல் ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலாக வைத்து என் பின்னாலேயே கரை வரை வந்தான்.

“சர்க்கஸ்ல சேத்துக்குவாங்கப்பா உன்ன” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

இனி சொல்லப்போவதை அவனும் எழிலரசியும் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

2001 கடைசியில் டெல்லி பார்லிமெண்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உடனே பட்டாளத்தை எல்லாம் பாகிஸ்தான் எல்லைக்கு நகர்த்தினார்கள். தென்னரசு இருந்த கம்பெனி, அதாவது படைப்பிரிவு, ராஜஸ்தான் பக்கம் போனது.

“ரெடியா கீறோம், ரெடியா கீறோம்னு அம்பது வருசமா சொல்லிகினு இருந்தாங்கண்ணா” என்பான். “ட்ரெயின்ல ஏத்தி எறக்கவே மூணு வாரம் ஆயிடுச்சி. முன்னாடி போன டாங்கிய எறக்க மேடை இல்லன்னு எங்க வண்டிய ஒரு ஸ்டேஷன்ல ரெண்டு நாள் நிறுத்தி வெச்சாங்க. போய்ச் சேந்தா, புதைக்கற மைனு வந்துடுச்சி, சுத்தி வேலி போட கம்பி வர்ல. கம்பி வந்துச்சி, குச்சி வர்ல. கையுறை எப்போ வந்துச்சி தெரியுமா? சித்திரை மாசம். மண்ணுல முட்டைய வெச்சா வெந்துபூடும், அந்த வெயில்ல கம்பளிக் கையுறை.”

“சண்டைதான் நடக்கலையே?”

“எங்க நடந்துச்சி? அவன் அந்தப் பக்கம் நிக்கறான், நாங்க இந்தப் பக்கம் நிக்கறோம். பத்து மாசம். அப்புறம் புதைச்சத எடுங்கடான்னுட்டாங்க. இப்போ எல்லாத்தையும் மாத்தறாங்களாம். இனிமே மூணே நாள்ல எல்லைக்குப் பூடுவாங்களாம். நல்லா போவட்டும். கணக்கு வெக்கறவன் கை வெறைச்சிப் போயிருந்தா அதுக்கு இன்னா மாத்துவாங்க?”

அந்தக் கணக்குதான் விஷயம். அதைச் சொல்வதற்கு முன்னால் அவன் அப்பா நெல் அளக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும்.

மில்லில் நெல்லுக்கு மூட்டைக் கணக்கு. களத்தில் அறுத்தவர்களுக்குப் போடுகிற கூலிக்கு மரக்கால் கணக்கு. முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். துரைக்கண்ணுவுக்கு அதற்கு மேலும் ஒரு பழக்கம் உண்டு. மரக்காலுக்கு ஒரு புளியங்கொட்டை தரையில் போடுவார். லாபத்துக்கு உரிய முதல் கொட்டையை மட்டும் போடாமல் மடியில் செருகிக்கொள்வார். அளந்து முடித்ததும் அதை எடுத்துக் குவியலோடு சேர்த்து எண்ணுவார். அதற்கு மடிக்கொட்டை என்று பெயர். கடைசி மரக்கால் வரைக்கும் லட்சுமி மடியிலேயே உட்கார்ந்திருப்பாள் என்று அவர் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவன் தென்னரசு.

கண்ணிவெடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்பு ஊசி உண்டு. புதைத்தபின் அந்த ஊசியை உருவிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எத்தனை ஊசியோ அத்தனை வெடி. ஒரு தை மாதக் காலையில், ஆள் தெரியாத பனியில், ஒரு வரிசை புதைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு எழுதவேண்டிய நாயக் என்ற மேல்பதவிக்காரனுக்கு விரல் விறைத்துப் பென்சில் பிடிக்க முடியவில்லை. ஊசி போடுகிற டப்பாவையும் தாளையும் தென்னரசுவிடம் கொடுத்துவிட்டான். முதல் ஊசி வந்தது. ‘லாபம்’ என்று சொல்லித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அடுத்ததிலிருந்து டப்பாவில் போட்டான்.

“நெனச்சி செய்யலண்ணா. கை தானா போச்சி. குளிர்ல புத்தி எங்கியோ கீது, கை மட்டும் நைனா களத்துல கீது.”

வரிசை முடிகிற நேரத்தில் பக்கத்துக் கம்பெனியில் ஒன்று வெடித்தது. ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவனும் ஓடினான். திரும்பி வந்து டப்பாவை எண்ணினான். முப்பத்தாறு இருந்தது. முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். புதைத்தது முப்பத்தேழு.

அடுத்த வருஷம் அதே வரிசையில் முப்பத்தாறு எடுத்தார்கள். கணக்கு சரியாகிவிட்டதால் அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. வேலியைப் பிரித்து, நிலத்தை அதற்கு உரிய கிழவரிடம் ஒப்படைத்தார்கள். கம்பு விதைக்கிற நிலம். அவர் மருமகள் பட்டாளத்துக்காரர்களுக்குத் தினமும் பித்தளைக் குடத்தில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாளாம். முக்காடு மார்பு வரை தொங்கும்.

“மூஞ்சிய ஒரு நாளும் பாத்ததில்லண்ணா. காலத்தான் பாத்திருக்கறன். கனமா ஒரு வெள்ளிக் காப்பு. பித்தவெடிப்பு. நம்ம வூட்டுப் பொம்பளைங்க காலு மாதிரியே இருக்கும்.”

கணக்கு உதைக்கிறது என்று ஏதோ ஒன்று அவன் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னது என்று தெரியவில்லை. தடம் பார்த்து நடந்தது அதனால்தான். 2004 மாசியில் அந்தக் கோட்டை எழிலரசி துவைக்க எடுத்தாள். பையில் ஓட்டை. உள்துணிக்குள் ஏதோ கையில் தட்டுப்பட்டது. பிரித்து எடுத்தால் துருப்பிடித்த ஒரு சின்ன ஊசி.

“இது இன்னாய்யா? பூட்டுக்குப் போடறதா?” என்று கேட்டாளாம். அவன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மகளுடைய டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, தன் கம்பெனியின் மேஜருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினான். எந்த நிலம், எந்த வரிசை, எப்படித் தவறு நடந்தது, எல்லாம். ஆபீசுக்கு என்று போட்டால் எவனாவது கிளார்க் பிரித்துவிடுவான் என்று மேஜர் பெயருக்கே விலாசம் எழுதினான்.

“இது போனா உனக்கு இன்னா ஆவும்?” என்று கேட்டிருக்கிறாள் எழிலரசி.

“பென்ஷன நிறுத்துவாங்களோ, உள்ள வெப்பாங்களோ. எனக்கு இன்னா தெரியும்?”

மூன்று தரம் போஸ்ட் ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். கடைசியில் அவளிடமே கொடுத்தான். “வேலைக்குப் போற வழியில ரிஜிஸ்டர் பண்ணிடு எழிலு. என்னால ஆவல.”

அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ரிஜிஸ்டர் பண்ணவில்லை. அரிசி டிரம்மின் அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிட்டாள்.

தென்னரசு தேறினான். பதில் வரவில்லையே என்று ஒரு மாதம் என்னைக் கேட்டான். அப்புறம் அவனே சமாதானம் செய்துகொண்டான். “பட்டாளத்துல பதில் வர்லன்னா வேலை முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம்ணா. சத்தமில்லாம எடுத்துட்டிருப்பாங்க” என்றான். மண்ணில் கால் வைத்து நடந்தான். ஒரு அரிசி மண்டியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். உடம்பு கூட வைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அவனை விட்ட பேய் அவளைப் பிடித்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

சிவப்பிரகாசம் ஒரு நாள் என்னைத் தறிக்குழியில் இருந்தபடியே கூப்பிட்டார். “போஸ்ட்மேன், அந்த எழிலரசிக்கு இன்னா ஆச்சி? நல்லா வேலை செய்ற பொம்பள. இப்போல்லாம் தினம் ஒரு தார் கொறையுது. திருடற ஆளும் இல்ல. கேட்டா அழுவுது.”

தார் எங்கும் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது அவள் இடுப்பிலிருந்தே அது கீழே விழுமாம். தனக்குத் தெரியாமலே காலையில் சுற்றிய முதல் தாரை எடுத்து மடியில் செருகிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் பயந்து பயந்து கொண்டுபோய்த் திருப்பி வைப்பாள். அன்றைக்கும் ஒன்று மடிக்கு வந்துவிடும். ஒரு நாள் மழைக்குப் பிறகு ஆற்றங்கரையில் அவளைப் பார்த்தேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவியின் தடத்தில் கால் வைத்துக் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

2006 தை. சம்பா அறுவடை. களத்தில் மாமனார் நெல் அளக்க, எழிலரசி சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அளந்து முடித்துத் துரைக்கண்ணு மடியிலிருந்து கொட்டையை எடுத்துக் குவியலில் போடுவதை அவள் எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. கூலி நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி டிரம்மைக் கவிழ்த்தாள். மறுநாள் காலை போஸ்ட் ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்தாள். உறையில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

“அண்ணா, இத்த ரிஜிஸ்டர் பண்ணிக் குடுங்க.”

“இன்னாமா இது? பழசாட்டம் கீது.”

எல்லாவற்றையும் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, அழாமல் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கோபப்பட நான் யார்? வீட்டுக்கு வந்து மூன்று மாதமே ஆன புருஷனைத் தன் கையாலேயே பிடித்துக்கொடுக்க எவளுக்கு மனசு வரும்?

“ஒருவேளை திரும்பி வந்தா அவரு கையில குடுத்துடாதீங்கண்ணா. என் கையில குடுங்க” என்றாள்.

“சரிம்மா” என்றேன்.

ஒன்பது மாதம் அந்தக் கடிதம் ஊர் சுற்றியது. ஐப்பசியில், விடாத மழையில், ஒரு மத்தியானம் என் கட்டுக்குள் அது கிடந்தது. அன்றைக்கு எனக்குத் தொண்ணூறு தபால், ஒழுகுகிற கோட்டு, பஞ்சரான சைக்கிள். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது. தென்னரசு களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ரிஜிஸ்டர் தபால், தென்னரசு. கையெழுத்துப் போடு.”

“எனக்கா?”

கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு வாங்கினான். உறையின் மேல் இருந்த தன் கையெழுத்தைத் தானே பார்த்தான். உறையைத் திருப்பி அஞ்சல் முத்திரையின் மேல் விரலை வைத்தான். அப்போதுதான் அவள் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. நான் செத்துப் போயிருக்கலாம்.

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழிலரசி வாசலில் வந்து நின்றாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே வந்து சாக்கை உதறி மூலையில் போட்டாள்.

“ஆரணி சீலு ரெண்டாயிரத்தி ஆறுன்னு போட்டுகீது” என்றான் தென்னரசு.

“ஆமா.”

“நான் உங்கையில குடுத்தது நாலுல.”

“ஆமா.”

“எங்க வெச்சிருந்த?”

“அரிசி டிரம்முல. அடியில.”

“அந்த அரிசியத்தான் தினம் ஆக்கிப் போட்டியா?”

கூரையிலிருந்து ஒழுகின தண்ணீருக்கு ஒரு குண்டானை நகர்த்தி வைத்தாள்.

“ரெண்டு வருசம் நல்லா தூங்கினன் எழிலு” என்றான் அவன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அதுக்குத்தான் வெச்சன்” என்றாள் அவள். “நீ தூங்கணும்னுதான். பதினஞ்சி வருசம் பொட்டியோடவும் கடுதாசியோடவும் குடும்பம் பண்ணன். மனுசனா வூட்டுக்கு வந்து மூணு மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள நானே எடுத்து அவங்ககிட்ட குடுத்துடணுமா? பொண்ண வெச்சிகினு யாரண்ட போய் நிப்பன்?”

“அங்க ஒரு பொண்ணு மோர் எடுத்துகினு அந்த மண்ணு மேல நடக்கும்டி.”

“தெரியும். நீ சொல்லிகீற. அப்போ காதுல விழுந்துச்சி, மனசுல விழல. அப்புறம் ராட்டைல உக்காந்தா அந்தக் காலுதான் தெரியுது. நான் பாக்காத காலு. காப்பு போட்டுகினு வருது. எங்க வெக்கும், எங்க வெக்கும்னு பாத்துகினே கீறன்.”

அவன் எழுந்து இரும்புப் பெட்டியை இழுத்தான்.

“நேர்ல போறன். இன்னிக்கே காட்பாடியில ட்ரெயின் புடிக்கறன்.”

“நானும் வரன்.”

“வேணாம். நான் பண்ணது நான் போறன்.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்தத் துருப்பிடித்த ஊசி அதில் இருந்தது. இரண்டு வருஷமாக அதை முடிந்து வைத்துக்கொண்டே ராட்டை சுற்றியிருக்கிறாள். அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் குடையைக் கூட எடுக்காமல் கிளம்பினான்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவன் விட்டுப்போன உறையை எடுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. எத்தனை கை மாறியிருக்கிறது, எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். கம்பெனியை இரண்டாகப் பிரித்து வேறு வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முதலில் ஒரு பாதிக்குப் போயிருக்கிறது, அப்புறம் இன்னொரு பாதிக்கு. கடைசியில் யாரோ சிவப்பு மையில், அந்த அதிகாரி 2005 ஜூலையில் மாற்றலாகிப் போய்விட்டார் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முன்னால் போட்டிருந்தால் நேரே அவர் கையிலேயே கிடைத்திருக்கும். இதை எழிலரசிக்கு நான் சொல்லவில்லை. உறையை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு நாள் கழித்துத் தென்னரசு வந்தான். ஆற்றில் தண்ணீர் வடிந்து புது மணல் தெரிந்தது. யார் தடமும் இல்லாத மணலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்து வந்தான். நான் கரையில் நின்று பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“இன்னாப்பா, இப்போ பயம் பூட்டுதா?” என்றேன்.

“பயப்பட ஒண்ணியும் இல்லண்ணா. அது வெடிச்சிடுச்சி.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான். டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தானே ஒழியக் குடிக்கவில்லை. அவன் போனபோது அந்த மருமகள் வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாளாம். எழுந்து வந்து மோர் கொடுத்தாள். ஒரு காலில் காப்பு இருந்தது. இன்னொரு கால் ரப்பர் கால்.

“போலீசு ஏதோ பழைய வெடின்னு எழுதிகினு போச்சாம். நான்தான் பண்ணன்னு சொன்னன். எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொன்னன். ஊசிய எடுத்துக் காட்னன். கெழவரு தண்ணி மொண்டு குடுத்தாரு. அந்தப் பொண்ணு மட்டும் முக்காட்டத் தூக்கி என்ன ஒரு தடவை பாத்துச்சி. அவ்வளோதான். திருப்பி எறக்கிவுட்டுகிச்சி.”

பக்கத்தில் இருந்த முகாமுக்குப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஊசியை வாங்கி வைத்துக்கொண்டு, மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம், நீ ஊருக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

“எப்போ ஆச்சாம்?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“ரெண்டாயிரத்தி அஞ்சுல. ஹோலிக்கு நாலு நாள் முன்னாடி.”

மார்ச் மாதம். மேஜர் மாற்றலாக இன்னும் நாலு மாதம் இருந்திருக்கிறது. அவன் கடிதம் எழுதி ஒரு வருஷம் முடிந்திருக்கிறது. இரண்டு பேரும் மனசுக்குள் கணக்குப் போட்டோம்.

“எழிலாண்ட, நான் கடுதாசி எழுதறதுக்கு முன்னாடியே ஆயிடுச்சின்னு சொல்லப் போறன்” என்றான் கடைசியில். “அவ வெச்சிருந்ததால ஒண்ணியும் கெட்டுப் போவல. அப்படியே இருக்கட்டும். நீங்களும் கேட்டா அப்படியே சொல்லுங்கண்ணா.”

“சொல்லிட்டா போச்சி” என்றேன்.

2007 தை. அதே களம். சிவப்பிரகாசத்துக்கு ஒரு மடக்கு நிலம் உண்டு, அதில் அறுவடை. கூலிக்காரர்கள் சாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் கார்டுகளைக் கொடுத்துவிட்டு நானும் போய்க் களத்து ஓரத்தில் நின்றேன். எழிலரசி என்னிடம் வந்தாள். முகம் தெளிந்திருந்தது. தார் காணாமல் போவது நின்றுவிட்டது என்று சிவப்பிரகாசமும் சொல்லியிருந்தார்.

“அண்ணா, அவரு உங்களாண்ட எல்லாத்தையும் சொன்னாரு இல்ல?”

“சொன்னாம்மா.”

“அந்தப் பொண்ணுக்கு அது முன்னாடியே ஆயிடுச்சாமே.”

“ஆமாம்மா. அவன் கடுதாசி எழுதறதுக்கு எவ்வளவோ முன்னாடி. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத.”

“முன்னாடின்னா எப்போண்ணா?”

நம்புகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பாழாய்ப் போன நாக்கு. “தீபாவளி சமயத்துலம்மா. அவன் ஊருக்கு வரதுக்கு முன்ன” என்றேன்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னாண்ட பொங்கலுக்கு மறுநாள்னு சொன்னாரு” என்றாள்.

முப்பத்தொரு வருஷத்தில் நான் தப்பாகக் கொடுத்த தபால்கள் இரண்டு. இரண்டும் அந்த ஒரு வீட்டுக்குத்தான்.

“அவராண்ட சொல்லாதீங்கண்ணா, எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு” என்றாள். “நான் நம்பிட்டன்னு நெனச்சிகினுதான் அவரு சாப்பிடறாரு.”

திரும்பிப் போய் மாமனார் எதிரில் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தென்னரசு மறுமுனையைப் பிடித்திருந்தான். ராஜஸ்தானிலிருந்து திரும்பிய அன்றைக்கே அவன் அப்பாவிடம் தன் தவறை மறைக்காமல் சொல்லியிருந்தான். அதற்கப்புறம் கிழவர் யாரோடும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

துரைக்கண்ணு குவியலைக் கும்பிட்டார். மரக்காலை நெல்லில் அழுத்தி, கோபுரமாக வாரி, தூக்கிப் பிடித்தார். எல்லாரும் ‘லாபம்’ என்கிற அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை.

“இன்னா துரைக்கண்ணு, கொட்டு. சொல்லிட்டுக் கொட்டு” என்றார் சிவப்பிரகாசம்.

“ஒண்ணு” என்றார் துரைக்கண்ணு.

நெல்லைச் சாக்கில் கொட்டினார். புளியங்கொட்டையை மடிக்குக் கொண்டுபோகாமல் தரையில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

“முதல் மரக்காலாச்சே. லாபம்னு சொல்லலியே” என்றார் சிவப்பிரகாசம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஒண்ணுன்னா ஒண்ணுதாங்க” என்றார் துரைக்கண்ணு. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் மறுபடி குனிந்து நெல்லை வாரினார்.

எழிலரசி அந்தக் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணு” என்று அவள் உதடும் சொன்னது. எதிரில் தென்னரசு அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவள் சட்டென்று தலையைக் குனிந்து, அவன் பக்கம் தொய்ந்திருந்த சாக்கை இழுத்துச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு” என்றார் கிழவர்.